நுரை நிற்க வேண்டிய உயரம்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது என் கணவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. அதான். பசிக்கிறதா என்று கேட்டால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். வேண்டாம் என்பதற்கும் அதையேதான் சொன்னார். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, பதில்தான் வாய்க்கு வர மறுக்கிறது என்று டாக்டர் விளக்கினார். வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இடது கை நன்றாக இருந்தது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் மெல்ல நடப்பார்.

எங்கள் வீடு மந்தைவெளியில், இரண்டாவது மாடியில். ஹாலில் எல்லோர் வீட்டிலும் டிவி இருக்கும் இடத்தில் எங்களுக்குக் கடல்நீர்த் தொட்டி. நாலடி நீளம். உள்ளே பாறைகள், பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பவளங்களையெல்லாம் இதே பைத்தியம் பிடித்த நண்பர்களிடம் துண்டு துண்டாக வாங்கி ஒட்டி வளர்த்தார். அவர் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். ஒரு குழாய் வாங்குவதென்றாலும் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். தொட்டி முழுக்க அவர் சாம்ராஜ்யம். கண்ணாடியை வெளியே துடைப்பதோடு என் வேலை முடிந்துவிடும்.

தொட்டிக்குக் கீழே மர அலமாரி. அதைத் திறந்தால் சம்ப் என்கிற இன்னொரு தொட்டி. மேலேயிருந்து வழிந்து வரும் தண்ணீர் இங்கே இறங்கி, சுத்தமாகி, பம்ப் வழியாக மறுபடி மேலே போகும். சுத்தம் செய்வது ஸ்கிம்மர். உயரமான குழாய் மாதிரி இருக்கும். அடியில் ஒரு சின்ன மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுத்து மாவு போலக் குமிழியடிக்கும். மீன்களின் கழிவும் மிச்சத் தீனியும் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி, உச்சியில் உள்ள கிண்ணத்தில் பழுப்பு நீராக விழும். நுரை கிண்ணத்தின் கழுத்துக்குக் கீழே நின்றால் அழுக்கு ஏறவில்லை என்று பொருள். ரொம்ப ஏறினால் நல்ல தண்ணீரும் சேர்ந்து வழிந்துவிடும். பக்கத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திருப்பித்தான் நுரையை நிறுத்த வேண்டிய உயரத்தில் நிறுத்த வேண்டும்.

நான் அடையாற்றில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். குறுகிய வழியில் நீர் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்த இடத்தில் துளையிட்டால் காற்று உள்ளே வரும் என்று வருடா வருடம் போர்டில் படம் போட்டிருக்கிறேன். ஸ்கிம்மர் என்பது அந்தப் படம்தான். அதனால் இதைப் பார்த்துக்கொள்வது பெரிய விஷயமாக இருக்காது என்று முதலில் நினைத்தேன்.

லீவு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியதும் பகலில் அவரோடு இருக்க நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தோம். காலையில் தைலம் தேய்த்துவிட ஒருவர் வருவார். அது என் நாத்தனாரின் ஏற்பாடு. இரண்டு கைகளுக்கும் கால்களுக்கும் அரைமணி நேரம் தேய்த்து, ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். மதியத்துக்கு மேல்தான் வெந்நீர்.

அந்த நாட்களில்தான் ஸ்கிம்மர் என்னைப் படுத்த ஆரம்பித்தது. மாலையில் வந்து அலமாரியைத் திறந்தால் நுரையே இருக்காது. வெறும் குமிழி, கொதிக்கும் தண்ணீர் மாதிரி. வால்வைத் திருப்பி ஏற்றிவைப்பேன். காலையில் எழுந்து பார்த்தால் கிண்ணம் நிரம்பி, வழிந்து, அலமாரிக்குள் நாற்றம். நொச்சிக்குப்பத்து அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்ணத்தைக் கழுவுவார். "இன்னாமா இது, மீன்புடி போட்டு கழுவுன தண்ணி கணக்கா நாறுது" என்பார். நான் வால்வை இறக்கிவைத்துவிட்டுப் போவேன். மாலையில் மறுபடி நுரை செத்துக் கிடக்கும்.

திருவல்லிக்கேணியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய், என் கணவருக்கு இந்தப் பைத்தியத்தில் கூட்டாளி. என்னை பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார். அவருக்குப் போன் செய்தேன். ஒரு தடவைக்கு நூலளவு மட்டும் திருப்புங்கள், திருப்பிவிட்டு ஒரு நாள் கையை எடுத்துவிடுங்கள் என்றார். அப்படியே செய்தேன். ஒரு நாள் என்ன, ஒரு பகல்கூட அது வைத்த இடத்தில் நிற்கவில்லை. சம்பில் தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைகிறதா பாருங்கள் என்றார். பார்த்தேன். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தேன். தீனியைக் குறைத்தேன். மோட்டாரைக் கழற்றி வினிகரில் போட்டுத் தேய்த்தேன். எதிலும் மாற்றமில்லை. மேலே பவளங்கள் சுருங்க ஆரம்பித்தன. ஹாலில் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு தொட்டியைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளிடம் தன் உடம்பு மாட்டிக்கொண்டுவிட்டதே என்று நினைக்கிறாரோ என்று தோன்றும். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. கேட்டாலும் அதான் என்பார்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. தைலக்காரர் போய்விட்டார். நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் அலமாரிக் கதவைத் திறந்து, முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் தரையில் கிடந்தது. இடது கையை முழங்கை வரை சம்புக்குள் விட்டு, ஸ்கிம்மரின் வால்வைத் தடவித் தடவித் திருப்பிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு கவனத்தை நான் பார்த்ததில்லை.

பின்னால் போய் நின்றேன். தண்ணீரின் மேல் அவர் கையைச் சுற்றி எண்ணெய் விரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கிம்மருக்குள் நுரை இறங்கியது. கழுத்தில் நின்ற நுரை ஒரு விரல், இரண்டு விரல் என்று இறங்கி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எண்ணெய் பட்டால் நுரை நிற்காது. வாணலியைத் தேய்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம்.

தினமும் இதுதான் நடந்திருக்கிறது. நான் போன பிறகு அவர் வந்து உட்கார்ந்து, நான் கெடுத்துவைத்ததைச் சரிசெய்திருக்கிறார். அவர் கையின் தைலத்தால் நுரை விழுந்திருக்கிறது. மாலையில் நான் வந்து வால்வை ஏற்றியிருக்கிறேன். எண்ணெய் மெல்ல நீங்கியதும் நுரை எழும்பி ராத்திரியில் வழிந்திருக்கிறது. பின்னர் அந்த அம்மாவைக் கேட்டபோது, "ஆமாம்மா, சாரு டெய்லி கை வுட்டுக்கினுதான் கீறாரு. நீங்கதான் சொல்லிக்கீறீங்கன்னு நெனச்சேன்" என்றார். அந்த அம்மா மேல் என்ன தப்பு.

நான் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்னங்க, கையில தைலம் இருக்கு. அதனாலதான் நுரை வரமாட்டேங்குது" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. "அதான்" என்றார். அந்த ஒரு தடவை அந்தச் சொல் எல்லா அர்த்தத்திலும் சரியாக இருந்தது. நான் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துவிட்டேன். அவர் துடைக்கவிட்டார்.

அதன் பிறகு அவர் அலமாரிப் பக்கம் போகவேயில்லை. தைலத்தை நிறுத்தினேன். நாத்தனார் போனில் வருத்தப்பட்டார். ரப்பர் கையுறை வாங்கிவந்து, வாங்க, நீங்களே திருப்புங்க என்று கூப்பிட்டேன். தானே போட்டுக்கொள்ள அவருக்கு இன்னொரு கை இல்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக நுழைத்துப் போட்டுவிட்டேன். நீலக் கையுறை மாட்டிய அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடியில், மற்ற கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் கழற்றிவிடும் வரை அப்படியே இருந்தார்.

ஸ்கிம்மர் ஒருவழியாகப் படிந்து வந்த நேரத்தில் பெரிய பம்ப் நின்றுவிட்டது. கீழேயிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்ப். தொட்டிக்குள் அலையடிக்கும் சின்ன மோட்டார்கள் ஓடியதால் மீன்கள் தாக்குப்பிடித்தன. தி. நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. துணிக்கடைப் பைகளோடு நகர்கிற கூட்டத்தில் நுழைந்து போய்ச் சேர்ந்தேன். எவ்வளவு உயரம் தண்ணீர் ஏற வேண்டும், வழியில் எத்தனை எல்போ என்று கடைக்காரர் கேட்டார். உயரம் தெரியும். குழாய் எத்தனை இடத்தில் வளைகிறது என்பது தெரியாது. வளைவுக்கு வளைவு வேகம் குறையும் என்பது மட்டும் தெரியும். வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா தொட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்து, முட்டி மாதிரி ஒண்ணு, அப்பால இன்னொண்ணு என்று எண்ணிச் சொன்னார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. இன்னொன்று கொஞ்சம் சின்னது, அளவாக இருக்கும் என்றார். பெரியது பின்னால் உதவும், வேண்டுமானால் வால்வை மூடிக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். வீடியோ காலில் என் கணவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினேன். சந்துக்குள் அவர் படம் உறைந்து நின்றது, குரல்தான் வந்தது.

"இதுவா?"

"அதான்."

"இல்ல, இதுவா?"

"அதான்."

பெரிய பெட்டிக்குச் சொன்ன அதானில் கொஞ்சம் அழுத்தம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அதை வாங்கிவந்தேன். பொருத்தி, ஸ்விட்சைப் போட்டதும் அவர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். நாற்காலிக் கையைத் தட்டினார். தண்ணீரில் இறங்கிய பம்பைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

மேலே தண்ணீர் பாய்ந்தது. மணல் பறந்து பவளங்களின் மேல் படிந்தது. விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பவளம் காற்றில் அகப்பட்ட துணி போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பம்பின் வால்வைப் பாதி மூடினேன். மூடியதும் மேலே போகிற தண்ணீர் குறைந்து சம்பில் மட்டம் உயர்ந்தது. மட்டம் உயர்ந்ததும் ஸ்கிம்மர் வழிந்தது. அதைக் குறைத்தால் இது, இதைக் குறைத்தால் அது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று ஏன் மாறுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. போர்டில் எழுதிக் காட்டவும் முடியும். நிறுத்தத்தான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் நேரில் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு அலமாரி முன் உட்கார்ந்தார். அவர் கிளம்பும்போது நுரை அழகாக நின்றது. மறுநாள் காலை வழிந்திருந்தது. போனில் அதைச் சொன்னேன்.

"பாபி, நான் இத்தன வருஷமா வெச்சிருக்கேன். என் தொட்டியில நுரை ஏன் நிக்குதுன்னே எனக்குத் தெரியாது. நிக்குது, அவ்ளோதான்" என்றார்.

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். மாறாக, நிம்மதியாக இருந்தது.

விரல் பவளம் ஒரு ஓரத்திலிருந்து கரைந்து வெள்ளையாக எலும்பு தெரிய ஆரம்பித்தபோது, மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று பாயிடம் நானே கேட்டேன். அதை என் கணவரிடம் சொல்லாமல் சில நாள் தள்ளிப்போட்டேன். சொன்ன அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைக்கூட.

பாய் மூடி போட்ட வாளிகளோடு வந்தார். வந்ததும் தொட்டியைத் தொடாமல் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழையபடி பேச ஆரம்பித்தார். தன் வீட்டுத் தொட்டியில் புதிதாக வந்த பாசியைப் பற்றி, கடையில் வேலைக்கு நிற்காமல் ஓடுகிறவர்களைப் பற்றி. பதிலுக்குக் காத்திருக்காமல் பேசினார். என் கணவர் நடுநடுவே அதான் அதான் என்றார். கேட்பவர்களுக்கு அது இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரியே இருந்திருக்கும். ஒரு இடத்தில் அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் விரிந்தது.

பிறகு பாய் எழுந்து, "சொல்லுங்க அண்ணே, எது வரணும், எது இருக்கணும்?" என்று கேட்டார். என் கணவர் இடது கையைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது போகலாம். இதுவும். அந்த மூலையில் இருப்பது. சந்தேகமே இல்லாமல் காட்டினார். பாய் அந்த வரிசையிலேயே எடுத்து வாளியில் வைத்தார். கடைசியில் காளான் மாதிரி குடை விரித்திருக்கும் ஒன்றின் மேல் பாய் கை வைத்ததும் அவர் உள்ளங்கையை நிமிர்த்தி நிறுத்தினார். அது இருக்கட்டும் என்றார் பாய், என்னிடம்.

வாளிகளை ஆட்டோவில் ஏற்ற நானும் கீழே போனேன். ஆட்டோ லஸ் பக்கம் திரும்பும் வரை நின்றேன். மேலே வந்தபோது அவர் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு மீன்களும் காலியான பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் அழுதுகொண்டிருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு காரணமில்லாமலும் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இது அந்த அழுகையா, பவளங்களுக்கான அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மிச்சமிருக்கும் அந்தக் காளான் பவளம் அன்றிலிருந்து குடையை மூடிக்கொண்டிருக்கிறது. சில நாள் ஒரு ஓரம் திறக்கிறது. போட்டோ எடுத்துப் பாய்க்கு அனுப்புகிறேன். உசுரு இருக்கு பாபி, பொறுங்க என்று பதில் வருகிறது. பள்ளிக்குக் கிளம்பும் முன் அவரும் நானும் கண்ணாடிக்கு முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம்.