ஜீவராஜின் தொண்டை

எல்கடுவையில் ஆட்டோ ஓட்டும் ஜீவராஜுக்குத் தன் குரல்மீது அப்படி ஒரு பெருமை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் எந்த விசேஷம் என்றாலும் மைக் அவர் கையில்தான். அதைப் பிடுங்க யாருக்கும் துணிவில்லை, எனக்கும்தான்.

"ஸ்பீக்கர்ல வர்றது பூரா என் தொண்டை" என்பார்.

அவர் மனைவி தினுஷா இரத்தோட்டையில் ரேடியோ, ஃபோன் பழுது பார்ப்பவள். அந்த ஆம்பிளிஃபயரைச் செய்ததும் அவள்தான்.

"இல்லைங்க. உள்ள இருக்கிற டிரான்சிஸ்டர் தண்ணி பைப்பு மாதிரி. ஒங்க குரல் அதைத் திறந்து மூடுது, அவ்வளவுதான். ஸ்பீக்கரை அதிர வைக்கிறது கரண்டு" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள்.

"ஒனக்குப் பொறாமை" என்று சிரிப்பார்.

கோயில் திருவிழாவன்று காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. மைக்கை விட மனமில்லாத ஜீவராஜ், தன் ஆட்டோ பேட்டரியிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு வயர் இழுத்து, பகல் முழுக்கப் பாடித் தீர்த்தார். மலையே அதிர்ந்தது.

முடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க வந்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினார். அது முனகக்கூட இல்லை.

நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே தினுஷா சொன்னாள்: "அந்த பேட்டரி வயரை ஒங்க தொண்டையில மாட்டிப் பாருங்களேன், ஸ்டார்ட் ஆகுதான்னு!"