விலக்கு வாங்கிய சுவர்

நர்சம்மா அன்னாளுக்குக் கோபம் வந்தால் ஊரே ஒதுங்கி நடக்கும். அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த நான் எல்லோருக்கும் முன்னால் ஒதுங்குவேன். அவர் வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரர். புருஷன் இறந்தபிறகு பிரசவம் பார்க்கப் படித்து, பாகூருக்குத் தெற்கே எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தார். வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் கணவன்மார்களை, "போயி வெந்நீ வையிடா, இங்க இன்னா வேடிக்க?" என்று விரட்டுவார். ஆனாலும் அவர் கோபத்தில் பாதியைத் தின்றது பிரசவ அறையின் மேற்குச் சுவர்தான்.

எங்கள் ஆஸ்பத்திரி பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். அன்றைக்கு அது மேரி, அதாவது ஊர் நிர்வாக அலுவலகம். ஆளுயர ஜன்னல், தேக்கு உத்தரம், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். மேற்குச் சுவரில் உத்தரத்திலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல். கரும்பு லாரி போனால் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் மண் கொட்டும். அன்னாள் திட்டிக்கொண்டே துடைத்துவிடுவார்.

மகாராஷ்டிரத்தில் கொய்னா பக்கம் பூமி நடுங்கி ஊர்கள் சரிந்த மறுவருஷம் ஓர் உத்தரவு வந்தது. பொதுக் கட்டடங்களைச் சோதிக்க வேண்டும். பலவீனமானதைப் பலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். புதிதாகக் கட்டுவதைப் புது விதிப்படிதான் கட்ட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் வரலாற்றுக் கட்டடத்துக்கு மட்டும் விலக்கு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அன்னாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். "இந்தத் தடவ இந்தச் சனியன் புடிச்ச செவுரு அவுங்க கண்ணுல பட்டுடும்பா" என்றார்.

இன்ஜினீயர் வருவதற்கு முந்தின நாள் ஏம்பலத்தில் ஒரு சிக்கலான பிரசவம் என்று அன்னாளைக் கூட்டிப் போய்விட்டார்கள். அவர் தலை மறைந்ததும் ஊர் நாட்டாமை சுப்பராயலு கொத்தனாரோடு வந்து நின்றார்.

"ஆபீசரு வர்றப்ப செவுரு இப்பிடியா இருக்கறது? ஊரு மானம் போவும்."

"நாட்டாம, அவுரு விரிசலப் பாக்கத்தான் வர்றாரு" என்றேன்.

"அதுக்கு? வூட்டுக்கு விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயா போடுவே?"

விரிசலில் சிமெண்டு அடைத்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணமும் தொங்கவிட்டார்கள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்? மறுநாள் இன்ஜினீயர் நாகராஜன் வந்தார், மாலை வாங்கிக்கொண்டார், அந்தச் சுவரடியிலேயே உட்கார்ந்து வடை தின்றார். எழுந்து சுவரைத் தட்டிக் கொடுத்தார். நல்ல நிலை, வரலாற்றுக் கட்டடம், விலக்கு என்று எழுதிவிட்டுப் போனார்.

மத்தியானம் அன்னாள் திரும்பி வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா! நோயாளிக்கு பவுடரு பூசியா டாக்டர்கிட்ட காட்டுவீங்க?"

"ஊருக்கு நல்லது பண்ணா திட்டுறியேம்மா" என்றார் சுப்பராயலு. நிஜமாகவே அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்னாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் நாகராஜனைப் பார்த்தார். "விலக்கு ஆயிடுச்சிம்மா. இனிமே ஆணி அடிக்கக்கூட அனுமதி வேணும்" என்றார் அவர்.

"கட்டடத்துக்கு விலக்கு குடுத்தீங்க, சரி. பூமிக்குச் சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார் அன்னாள். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷமே ஆஸ்பத்திரி ஜீப்புக்குக் கொல்லையில் ஷெட் கட்டினார்கள். புதுக் கட்டடம் அல்லவா? விதி தவறாமல் கம்பி, கான்கிரீட் தூண், சுற்றிலும் கான்கிரீட் பட்டை. அன்னாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்பா கம்பவுண்டரு, ஜீப்பு இன்னா மாசமாவா இருக்குது?" என்றார்.

ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. சுப்பராயலுவின் மகள் அமுதம் தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். சுவரில் பூசியிருந்த சிமெண்டு ஊறி, பாளமாகப் பெயர்ந்து பக்கத்துக் கட்டிலில் விழுந்தது. நல்லகாலம், அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அமுதம் அலறினாள். சுப்பராயலு வெளிறிப்போய் நின்றார்.

"இன்னா நாட்டாம பாத்துக்கினு நிக்கிறே? ஜீப்ப வெளிய தள்ளு! கட்டிலத் தூக்கு!" என்று கத்தினார் அன்னாள்.

நாட்டாமை தன் கையால் ஜீப்பைத் தள்ளினார். கான்கிரீட்டுக்குக் கீழே, பெட்ரோல் வாடையில் பேத்தி பிறந்தாள்.

அரசாங்க வண்டி மழையில் நனைகிறது என்று டிரைவர் எழுதிப்போட்டுவிட்டார். மழை விடும் முன்பே நாகராஜன் குடையோடு வந்துவிட்டார். "யாரக் கேட்டு ஷெட்ல கட்டில் போட்டீங்க? எல்லாத்தையும் வார்டுக்குக் கொண்டு போங்க!"

"ஆவட்டும் சார். உள்ள வாங்க. எந்தக் கட்டில எங்க போடணும்னு நின்னு காட்டுங்க" என்றார் அன்னாள்.

அவர் பிரசவ அறை வாசல்வரை போனார். விரிசலை நிமிர்ந்து பார்த்தார். கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. நிலைப்படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மழையில் நின்ற ஜீப்பின் பக்கமே போய் நின்றுகொண்டார்.

"ஜீப்பு... கொஞ்ச நாளைக்கு வெளியவே நிக்கட்டும்மா."

"செவுத்துக்குக் குடுத்த விலக்கு?"

"அது குடுத்தாச்சே. திருப்பி வாங்க விதி இல்ல."

ஓய்வு பெறும்வரை அன்னாள் ஜீப் ஷெட்டில்தான் பிரசவம் பார்த்தார். நல்லவேளை, அந்த ஷெட்டுக்கு மட்டும் எவனும் விலக்குக் கொடுத்துத் தொலைக்கவில்லை.