தொடர்பு வளர்க்கும் நேரம்

என் மனைவியின் தங்கை கணித உயிரியல் ஆராய்ச்சியாளர். இதைத் திக்காமல் சொல்ல எனக்கே வெகுகாலம் பிடித்தது. நான் வேன் ஓட்டுகிறவன். வண்டி சொந்தம், ஆனால் பழையது. வீட்டில் அந்தத் தங்கைக்குச் சின்னவள் என்று பெயர். ஒரு காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படித் தாவும், எப்போது உச்சத்துக்குப் போகும், எப்போது அடங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவள் படித்த படிப்பு. பட்டம் வாங்கிப் பெயருக்கு முன்னால் டாக்டர் ஒட்டிக்கொண்டதும் சொந்தக்காரர்கள் முழங்கால் வலியோடு வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். அப்புறம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். சிலருக்குக் குணமாகித் தொலைத்ததில் கூட்டம் இன்னும் கூடியது.

வேலைதான் கிடைக்கவில்லை. கணிதத் துறையின் நேர்முகத் தேர்வுக்குப் போனால், நீங்கள் உயிரியல் ஆளாயிற்றே என்பார்கள். உயிரியல் துறைக்குப் போனால், நீங்கள் கணக்கு ஆளாயிற்றே என்பார்கள். ஒரு கல்லூரியில் இரண்டு துறைத் தலைவர்களும் அவளை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்து, முடியாமல், இருவருமாகச் சேர்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்களாம். மேடையில் மட்டும் இப்படிப்பட்டவர்கள்தான் இரண்டு துறைகளுக்கும் நடுவே பாலம் என்று புகழ்வார்கள். பாலத்தின் மேல் யாரும் வீடு கட்டிக் குடியிருக்க முடியாது என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

வேலைக்குப் பதிலாக அவளுக்குப் பயிற்சி கிடைத்துக்கொண்டே இருந்தது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான கோடைப் பயிற்சி. அதை முடித்தவர்களுக்கு மேல்நிலைப் பயிற்சி. அதையும் முடித்தவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தருவது எப்படி என்று ஒரு பயிற்சி. அவள் தலையில் வெள்ளைமுடி எட்டிப்பார்த்த பிறகும் அங்கே இளம் ஆராய்ச்சியாளர்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு துணிப்பை கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் வெங்காயம் வாங்க ஒரு மாநாடு, மீன் வாங்க ஒரு மாநாடு என்று என் மனைவி பிரித்து வைத்திருந்தாள்.

சம்பளம் என்று ஒன்று வந்தது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. தற்காலிக வேலை. அங்கே அவளுக்கு மேலே இருந்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வளைகோடு. எதைப் பற்றிப் பேசினாலும் பலகையில் ஏறி இறங்கும் ஒரு கோட்டைப் போட்டுத்தான் ஆரம்பிப்பார். சின்னவளுடைய வேலை நீடிக்குமா என்று அவள் கேட்டபோதும் கோடுதான் போட்டாராம். அதில் அவள் இருப்பது ஏற்றத்திலா இறக்கத்திலா என்று சொல்லவில்லை.

ஒரு வருஷம் அந்த நிறுவனத்தில் பெரிய கூட்டம் நடந்தது. பரவும் நோய்களைக் கணக்கிடுகிறவர்கள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். பயிற்சி, கட்டுரை வாசிப்பு, கடைசி நாளில் வேலைவாய்ப்பு பற்றிய அமர்வு. விடுதிக்கும் அரங்கத்துக்கும் ஆட்களை ஏற்றி இறக்க என் வேனைப் பேசிவிட்டது சின்னவள்தான். அவளுக்கு அங்கே தலைக்கு மேல் வேலை. மைக் வேலை செய்யவில்லை என்றால் அவள், விருந்தாளியின் பெட்டி தொலைந்தால் அவள், யாருக்காவது அறையில் வெந்நீர் வரவில்லை என்றால் அவள். அவள் பேச வேண்டிய கட்டுரைக்கு மட்டும் நேரம் போதவில்லை என்று சுவரில் ஒட்டும் படமாக மாற்றிவிட்டார்கள். அந்தச் சுவர் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது.

முதல் நாள் மாலை புல்வெளியில் 'தொடர்பு வளர்க்கும் நேரம்' என்று ஒன்று வைத்தார்கள். மேஜைகளில் பழச்சாறு, பெரிய பெட்டி நிறைய ஐஸ். வளைகோடு இளையவர்களை அழைத்து அறிவுரை சொன்னார். திறமை இருந்தால் மட்டும் போதாது, நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும், கையில் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள், மற்றது தானாக நடக்கும் என்றார். எல்லோரும் கிளாஸை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள்.

சின்னவளும் போய் நின்றாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார். படித்து முடித்ததும் அவள் தோளுக்கு மேல் வேறு யாராவது தென்படுகிறார்களா என்று தேடினார். கிளாஸை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வேனுக்கு வந்து ஏறிக்கொண்டாள்.

"ஏசி போடுங்க அத்தான்," என்றாள்.

டேஷ்போர்டில் இருந்த பிஸ்கட்டை நீட்டினேன். பாக்கெட் காலியாகும்வரை இருவரும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐஸ் பெட்டியைச் சுற்றி அப்படி ஒரு சிரிப்பும் கைகுலுக்கலும்.

மறுநாள் காலை வேனை விடுதி வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஒருவர் வந்தார், படியில் கால் வைத்தார், முகம் மாறியது, வந்த வேகத்தில் திரும்பி உள்ளே ஓடினார். அடுத்து வந்த அம்மாள் படிவரைகூட வரவில்லை. சற்று நேரத்தில் சின்னவள் வெளியே வந்து, பாதி விடுதிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றாள். நோய் பரவுவதைக் கரைத்துக் குடித்தவர்கள் அத்தனை பேரும் கழிப்பறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

மயக்கமாகக் கிடந்த சிலரை நான்தான் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர் கொடுத்திருந்தேன். அந்த நிலைமையிலும் பின்சீட்டில் இரண்டு பேர் இதற்கு எந்தச் சமன்பாடு பொருந்தும் என்று வாதாடிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கவரைப் பிடித்துக்கொள்வார்.

திரும்பி வந்தபோது விடுதியில் சண்டை இன்னும் பெரிதாகியிருந்தது. வளைகோடு படுத்த படுக்கையாக இருந்தபடியே எல்லோருடைய போனுக்கும் ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தார். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது, மதியத்துக்குள் உச்சம் தொடும் என்பது அவர் கட்சி. அவருடைய பழைய பகையாளியான இன்னொரு பேராசிரியர் அதை மறுத்தார். ஒருமுறை சொன்னதை ஆயுசுக்கும் மாற்றமாட்டார் என்பதால் இவருக்கு மாறிலி என்று பெயர். இவர் ஒருவர்தான் பெரியவர்களில் திடமாக நடமாடினார். பல வருஷம் முன்பு தான் எழுதிய எதிர்ப்புசக்திக் கோட்பாட்டுக்குத் தன் உடம்பே சாட்சி என்று வராந்தாவில் மார்தட்டிக்கொண்டிருந்தார். படுக்கையிலிருந்து ஒரு செய்தி, வராந்தாவிலிருந்து ஒரு பதில். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை. தகவல் வரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தகவல் எதிர் அறையில் போர்வை போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது.

சின்னவள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஜாடிகளில் நிரப்பி என் கையில் கொடுத்தாள்.

"நீங்க கதவைத் தட்டுங்க அத்தான். நான் கேட்டுக்கறேன்."

அறை அறையாகப் போனோம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள், எப்போது வயிறு கலங்கியது. அவ்வளவுதான் கேள்வி. நன்றாக இருந்தவர்களிடமும் அதையே கேட்டாள். சிலர் எரிந்து விழுந்தார்கள். சிலர் அவளைத் துப்புரவுக்கு வந்தவள் என்று நினைத்து வாளியைக் காட்டினார்கள். வாளியையும் எடுத்துவிட்டுக் கேட்டாள்.

முந்தின நாள் மதியச் சாப்பாட்டில் குற்றம் இல்லை. அதைச் சாப்பிட்ட நானும் அவளும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தோம். அகப்பட்டவர்கள் எல்லோரும் மாலையில் புல்வெளியில் நின்றவர்கள். அறிவுரையைக் கேட்டுப் பெரியவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தவர்களுக்குத்தான் பலமான அடி. கூச்சப்பட்டு அறையிலேயே போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சாவதானமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்படியென்றால் பழச்சாறு என்றேன் நான். அவள் அவசரப்படவில்லை. பழச்சாறே வேண்டாம் என்று வெறும் தண்ணீரில் ஐஸ் போட்டுக் குடித்த ஓர் அம்மாள் சுருண்டு கிடந்தாள். பழச்சாறு குடித்த மாறிலிக்கு ஒன்றுமில்லை. நேராக வராந்தாவுக்குப் போய் அவரிடமே கேட்டாள்.

"சார், நேத்து ஜூஸ்ல ஐஸ் போட்டுக்கிட்டீங்களா?"

"ஐஸா? எனக்குக் கடைவாய்ப்பல் கூச்சம்மா. ஐஸ் பக்கமே போறதில்ல."

கோட்பாட்டின் கதை அந்தக் கடைவாய்ப்பல்லோடு முடிந்தது.

நகர சுகாதார அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து இறங்கியபோது சின்னவள் எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருந்தாள். அதிகாரி பருமனான அம்மாள். காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. வளைகோடு கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து அவருக்கும் கோட்டைக் காட்டினார். அதிகாரி மரியாதையாகப் பார்த்துவிட்டு, எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வளைகோடு கோட்டின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். சின்னவள் சொன்னாள். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு நேராக ஐஸ் பெட்டியிடம் போனார். சாப்பாட்டு ஒப்பந்தக்காரனை நாலு அதட்டு அதட்டியதும் விஷயம் வெளியே வந்தது. சிக்கனம் பார்த்து, துறைமுகத்தில் மீன் அடுக்க வைத்திருந்த ஐஸைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான்.

போகும்போது அதிகாரி அவளிடம் கேட்டார்.

"நீங்க இங்க என்னவா இருக்கீங்க?"

"பயிற்சியில இருக்கேன், மேடம்."

"இன்னுமா?"

என்னிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

கடைசி நாள் வேலைவாய்ப்பு அமர்வைத் தள்ளிவைக்க வளைகோடு ஒப்புக்கொள்ளவில்லை. வெளுத்த முகங்களோடு ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்திருந்தது. மேடையில் நிரந்தர வேலையில் இருக்கும் மூன்று பேர். நானும் வெயிலுக்கு ஒதுங்கிப் பின்வரிசையில் இருந்தேன். முதலாமவர் தன் மனம் சொன்ன வழியில் போனாராம். இரண்டாமவர் தோல்விகளை நேசித்தாராம். மூன்றாமவருக்காக அவருடைய வழிகாட்டி ஒரு போன் செய்தாராம். அவர் ஒருவர்தான் உண்மை பேசினார் என்று எனக்குத் தோன்றியது. கேள்வி நேரத்தில் சின்னவள் எழுந்தாள்.

"எங்க துறையில இந்த வருஷம் நிரந்தர வேலை எத்தனை காலியா இருக்கு சார்?"

மிக நல்ல கேள்வி என்றார் வளைகோடு. வேலை என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஆரம்பித்துப் பலகைப் பக்கம் திரும்பினார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சில மாதங்களில் அந்த வயிற்றுப்போக்கைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. வளைகோடும் மாறிலியும் பகையை மறந்து சேர்ந்து எழுதியிருந்தார்கள். வாந்தி எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டுரை ஆசிரியர்களாக இருந்தார்கள். சின்னவளுக்குக் கடைசியில், விடுதி நிர்வாகத்துக்கு அடுத்தபடியாக, நன்றி சொல்லியிருந்தார்கள். ஆசிரியர்களில் தன் பெயர் ஏன் இல்லை என்று அவள் வளைகோட்டின் அறைக்கே போய்க் கேட்டாள். அவளிடமிருந்து வந்தது வெறும் தகவல்தானாம், கணக்கு அவர்களுடையதாம். இதனால் அவளை நாலு பேருக்குத் தெரியவருமே என்றும் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்தவள் துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தாள். என் மனைவி தடுக்கப் போனாள், நான் கண்ணைக் காட்டினேன்.

அந்தத் தற்காலிக வேலை முடிய இருந்த சமயத்தில் சுகாதார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நகரத்தில் எங்கே என்ன நோய் கிளம்புகிறது என்று கவனிக்க ஓர் ஆள் தேவை, வந்து பேசுங்கள் என்றார் அந்த அதிகாரி. பேசப் போனவளிடம் அவர் உயிரியலா கணக்கா என்று கேட்கவில்லை. வெயிலில் அலைவீர்களா, ஆட்கள் திட்டினால் தாங்குவீர்களா என்றுதான் கேட்டார்.

சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொன்னதும் என் மனைவி முதலில் கேட்டது, "லீவு உண்டாடி?" உண்டு என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வளைகோடு இழவு வீட்டில் விசாரிக்கிற குரலில் பேசினார். அறிவியலை விட்டுவிட்டுப் போகிறாயே, இத்தனை வருஷப் பயிற்சியும் வீண் என்றார். அவள் இடத்தில் அடுத்த வாரமே இன்னொரு பெண்ணை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணும் இளம் ஆராய்ச்சியாளர்தான்.

புது அலுவலகம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. மேஜைக்கு மேலே ஏசி ஒழுகும், கீழே ஒரு பக்கெட். பெரும்பாலும் கூட்டலும் வகுத்தலும்தான் என்றாள். தன்னுடைய நல்ல சமன்பாடுகளை நினைத்தால் அவளுக்கு ஏக்கம்தான், சில ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்ப்பாள். ஒருமுறை அப்படிப் போட்ட கணக்கை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், காய்ச்சல் இந்தத் தெருக்களில்தான் கிளம்பும் என்று அடித்துச் சொன்னாள். காய்ச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளம்பியது. அதிகாரி கத்தவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லி, வாருங்கள், ஏன் என்று பார்ப்போம் என்றாராம். அன்று இரண்டு பேரும் சேற்றில் அலைந்துவிட்டு வந்தார்கள். சேலையெல்லாம் சேறு, முகத்தில் மட்டும் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு தெளிச்சி.

போன வாரம் பஸ் டிப்போ குடியிருப்பில் மஞ்சள்காமாலை. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு டிப்போ மேலாளரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குடியிருப்புக்குத் தண்ணீர் வரும் பழைய குழாயை மூடினால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள் என்று அவர் இழுத்திருக்கிறார்.

"செய்யட்டும் சார். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு செய்யறதைவிட ரோட்டுல நின்னு செய்யலாம்."

குழாயை மூடினார்கள். வேலைநிறுத்தமும் நடந்தது. எனக்கு மூன்று நாள் வேனில் நல்ல கூட்டம்.