சைவத் தொட்டிக்கு வந்த கெளுத்தி

தில்லி துவாரகாவில் கிருஷ்ணபிரசாத் வீட்டில் மீன்களும் சைவம். லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து, அமைச்சகம் ஒன்றில் கோப்பு பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்ற அவர், மீன் தொட்டி வைத்த நாள்முதல் வேகவைத்த பட்டாணியும் வெள்ளரித் துண்டும்தான் போட்டுவந்தார். மனைவி ருக்மிணி அம்மாளின் தங்கமீன்கள் அதைத் தின்றே கொழுத்திருந்தன.

சென்ற ஆண்டு கரோல் பாக் கடையொன்றில், கண்ணாடிக் கெளுத்தி என்று நினைத்து ஒரு மீனை வாங்கினார். "அங்கிள்ஜி, இது வேறு ஏதோ, எனக்கே தெரியாது" என்று கடைக்காரர் இந்தியில் தடுத்தும் கேட்கவில்லை. "அச்சா பையா, மீனைப் பற்றி எனக்கா சொல்கிறாய்?" விரல் நீளம், பளிங்கு உடம்பு. மென்மணலும் வெதுவெதுப்பான சுத்த நீருமாய்த் தனித் தொட்டியே அமைத்தார். கெளுத்தியோ மணலில் புதைந்துகொண்டது. பட்டாணியை முகர்ந்தும் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் நூலாய் இளைத்தது. கிருஷ்ணபிரசாத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் ஸ்ம்ருதி, படத்தை யாருக்கோ அனுப்பி விசாரித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இது அமேசான் ஆத்துக் கெளுத்தி! மத்த மீனோட செவுள்ல பூந்து ரத்தம் குடிக்கும். வேற எதையும் தொடாது. நல்ல சைவம் கொண்டுவந்தேள்!"

"அப்போ செத்துடுமா?"

"பெரிய மீன் ஒண்ணைக் கூட விடணும். கொஞ்சம் குடிச்சுட்டு விட்டுடும். மாத்தி மாத்தி விட்டா, குடுக்கற மீனும் பிழைச்சுக்கும்."

பெரிய மீனென்றால் ருக்மிணி அம்மாளின் தங்கமீன்தான். முட்டைகூட வாசற்படி ஏறாத வீட்டில் இதை எப்படிக் கேட்பது? சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் காதுல விழுந்துது. நீங்க பண்ற கூத்துக்கு என் மீன் ரத்ததானம் பண்ணணுமாக்கும்?"

ஆயினும் ருக்மிணி அம்மாளே வந்து தொட்டியில் குனிந்தார். "ஐயோ, எலும்பெல்லாம் தெரியறதே!"

கண்ணாடி போன்ற மீனுக்கு எலும்பு எப்போதும் தெரியும் என்பதைக் கிருஷ்ணபிரசாத் எடுத்துச் சொல்லவில்லை.

"குண்டனை விடுங்கோ. அவனுக்குத்தான் ரத்தம் ஜாஸ்தி."

குண்டன் இறங்கியதும் கெளுத்தி மணலை உதறி எழுந்து, அதன் செவுளுக்குள் நுழைந்தது. ருக்மிணி அம்மாள் புடவைத் தலைப்பால் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். சற்றைக்கெல்லாம் பளிங்கு வயிறு குங்குமமாய்ச் சிவக்க, கெளுத்தி கழன்று மீண்டும் மணலில் புதைந்தது. குண்டன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பட்டாணி தேடிற்று.

அதன்பின் தங்கமீன்களுக்கு முறை வகுத்தவர் ருக்மிணி அம்மாளே. கொடுத்த மீனுக்கு நீண்ட ஓய்வு, கூடுதல் பட்டாணி. ஒரு நாள் கிருஷ்ணபிரசாத் வலையை எடுத்தபோது தடுத்தார்.

"இன்னிக்கு வேண்டாம்."

"குண்டனுக்கு உடம்பு சரியில்லையா?"

"இன்னிக்கு ஏகாதசியோன்னோ. நம்மாத்துக்கு வந்தாச்சு; ஒரு நாள் உபவாசம் இருக்கட்டும்."

மறுநாள் துவாதசி. வீட்டில் காபி இறங்குமுன் கெளுத்திக்குத்தான் விரதம் முடிக்கும் முதல் பாரணை நடந்தது.