எதிர்ப்பேச்சு இல்லாத வீடு

என் கணவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகிவிட்டன. இதைச் சொன்னால் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகள், “நல்லதுதானேம்மா, இப்பவாச்சும் வீடு அமைதியா இருக்கு” என்று போனில் சொல்கிறாள். எனக்கு அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வருகிறது.

நாங்கள் சண்டையில் தொடங்கியவர்கள். அவருடையது யாழ்ப்பாண வழிக் குடும்பம். தைப்பிங்கில் தலைமுறை தலைமுறையாகக் கவர்மெண்டு உத்தியோகம். நான் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்து, படித்து டீச்சரானவள். “தோட்டத்துப் பிள்ளையா?” என்று அவர் அம்மா கேட்டதோடு பேச்சு முறிந்தது. கல்யாணத்துக்கு அவர் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மகள் பிறந்த பிறகுதான் மாமியார் எங்கள் வீட்டுப் படி ஏறினார், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார், அதோடு எல்லாம் சரியானது.

“பாத்தியா? சண்டை போட்டதாலதான் இப்ப சமாதானம் கெட்டியா இருக்கு லா” என்றார் இவர் அன்றைக்கு.

“சண்டையே போடாம வந்திருந்தா இன்னும் கெட்டியா இருந்திருக்கும்” என்றேன் நான்.

எங்கள் வாழ்க்கை முழுக்க ஓடியது இந்த ஒரே வாக்குவாதம்தான். குழம்பில் உப்பு, மகளின் படிப்பு, கார் எங்கே நிறுத்துவது என்று எதில் தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்போம். போர் இல்லாமல் அமைதி உண்டா? அவர் இல்லை என்பார். நான் உண்டு என்பேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் முயலுக்கு மட்டும் நான்கு காலா என்ன?

அந்தச் சண்டைக்கு எங்களுக்குப் பிடித்த இடம் பழைய தேவாலயங்கள். சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பேரும் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அவர் பொதுப்பணித் துறையில் கட்டடப் பிளான் வரைந்து ஓய்வு பெற்றவர், பழைய கட்டடம் என்றால் அவருக்கு உயிர். சனிக்கிழமை காலையில் ஈப்போ பழைய டவுனில் கோப்பி குடித்துவிட்டு, அங்கே இருக்கும் செங்கல் தேவாலயத்துக்குப் போவோம். தைப்பிங்கில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், மழையைக்கூடப் பார்க்காமல் அங்குள்ள மரத் தேவாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்.

நான் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு வெள்ளைக்காரத் துரை கட்டிய எதைப் பார்த்தாலும் வயிறு எரியும். ஆனால் உள்ளே நுழைந்தால் கோபம் வாசலோடு நின்றுவிடும். கூரையின் மரச்சட்டங்கள் கவிழ்த்துப் போட்ட சம்பான் படகு மாதிரி இருக்கும். காலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கி, தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கும். வெளியே லாரிச் சத்தம், உள்ளே மரத்துக்குப் பூசிய மெழுகு வாசம். அழகு யார் கட்டினாலும் அழகுதான், இதை மட்டும் அவரிடம் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டேன்.

நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவேன். “இது மாரியம்மன் கோயில் இல்ல, இங்க தொப்பிய மட்டும் கழட்டினா போதும்” என்று அவர் சப்பாத்துக் காலோடு டக்டக்கென்று நடப்பார். “சாமி எங்க இருந்தாலும் சாமிதான்” என்பேன். அதிலிருந்து ஆரம்பமாகும்.

பெரிய சண்டை பித்தளைப் பலகைக்கு முன்னால்தான். ஜப்பான்காரனோடு நடந்த போரில் செத்த வெள்ளைக்காரர்களின் பெயர்களை வரிசையாகப் பொறித்துச் சுவரில் பதித்திருப்பார்கள். அதன் முன் நின்றுகொண்டு, “இவங்க செத்ததாலதான் நீயும் நானும் இங்க நிம்மதியா நிக்கிறோம்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பெரியப்பாவை ஜப்பான்காரன் எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அந்த லயத்திலிருந்து போன ஆண்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரியப்பா வரவில்லை. எந்தச் சுவரிலும் அவர் பெயர் இல்லை. இப்போது லயமும் இல்லை, ரப்பர் பால்மரமும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

“என் பெரியப்பா சமாதானத்துக்காகச் சாகல. கட்டை தூக்கி, கழிச்சல் வந்து செத்தாரு. அவருகிட்ட போய்க் கேளுங்க, போர் வேணுமான்னு” என்பேன்.

“அந்தப் போர் முடியாம இருந்திருந்தா ஒங்கப்பாவையும் கொண்டு போயிருப்பான். அப்புறம் நீ ஏது, எங்கூட சண்டை போட?” என்பார்.

இதற்குப் பதில் யோசிக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். அடுத்த சனிக்கிழமை பதிலோடு வருவேன். அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் போயின.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது, டாக்டருக்கே ஆச்சரியம். எதிர்ப்பேச்சுதான் வரவில்லை. எதைச் சொன்னாலும் “சரி” என்கிறார். உப்பே போடாத குழம்பை வைத்தேன், நல்லா இருக்கு என்றார். ஒரு நாள் டிவியில் ஏதோ ஒரு ஊர்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் செய்தி வாசிப்பவரோடுகூடச் சண்டைக்குப் போகிற மனுஷன், வாழைப்பழத்தை உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டில் அமைதி வந்துவிட்டது. இதற்குப் பெயர்தான் அமைதி என்றால் இதை யாராவது எடுத்துக்கொண்டு போகட்டும்.

போன சனிக்கிழமை அவரை ஈப்போ செங்கல் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயாவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிடுவார் என்று நம்பினேன். வாசலில் நான் செருப்பைக் கழற்றியதும், தன் காலையும் என்னிடம் நீட்டினார். குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

உள்ளே ஓர் அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கம் போல அதே வெயில், அதே நிறங்கள். நான் எதையும் ரசிக்கும் நிலையில் இல்லை. பித்தளைப் பலகைக்கு எதிரே இருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன்.

“இவனுங்க பேரையெல்லாம் பேத்து எடுத்து வீசணும்” என்றேன்.

“வீசலாம்” என்றார்.

“இந்தக் கட்டடத்தையே இடிச்சிட்டு கார் பார்க் கட்டினா என்ன?”

“கட்டலாம்.”

ஒரு செங்கல் பெயர்ந்திருந்தால்கூட யாரையாவது கூப்பிட்டுத் திட்டிவிட்டு வருகிற மனுஷன் அவர். இனி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இத்தனை காலமும் நான் கொடுக்காத வெற்றியை அவருக்குக் கொடுத்துவிட நினைத்தேன். பெரியப்பா என்னை மன்னிக்கட்டும்.

“சரிங்க. நீங்க சொன்னதுதான் சரி. போர் இல்லாம சமாதானம் இல்ல. நான் தோத்துட்டேன், போதுமா?”

பெரிய வெற்றி. எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவர் சாந்தமாகச் சிரித்தார்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

எனக்கு எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“எதுத்துப் பேசுங்க! ஒரே ஒரு தடவை என்கிட்ட ‘இல்ல’ன்னு சொல்லுங்க! சொல்லுங்க!”

தரை துடைத்த அக்கா கையில் மாப்போடு நிமிர்ந்து பார்த்தார். என் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்தது. நான் அழுகிறேன் என்பது என் கணவருக்குப் புரிந்தது. என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தார் போல.

“இல்ல” என்றார், டீச்சர் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை மாதிரி. பிறகு, சரியாகச் சொன்னோமா என்று என் முகத்தைப் பார்த்தார்.