அரிசி மூட்டைக்குப் போட்ட சீட் பெல்ட்

இலங்கையில் போர் முடிந்ததற்கு அடுத்த கோடையில், கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் தெருவிலேயே முதல் ஹைபிரிட் கார் என்னுடையதுதான். பாதி பெற்றோல், பாதி பற்றரி. வாங்கிய நாளில் இருந்து என் கால் நிலத்தில் படவில்லை. சிவப்பு விளக்கில் நின்றால் என்ஜின் தானாக அணைந்துவிடும். அந்த அமைதியைக் கேட்க வைப்பதற்காகவே ஆட்களை ஏற்றிக்கொண்டு திரிந்தேன். டோர்செட் பார்க் அடுக்குமாடியில் இருந்த என் கூட்டாளி மட்டும் மசியவில்லை. காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உதை எங்கை மச்சான் பிளக்கிலை குத்துறது?" என்று கேட்டான். குத்தவே தேவையில்லை, ஓட ஓடத் தானாகச் சார்ஜ் ஏறும் என்று விளக்கினேன். "பிளக் இல்லாத கறண்ட் காரோ? உன்னை ஆரோ நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்" என்றான்.

மாமி, அதாவது மனைவியின் அம்மா, அதற்கு முந்தைய பனிக்காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு, பிறகு மாதக்கணக்காக வவுனியா முகாமில் தரப்பாள் கூடாரத்தில் இருந்துவிட்டு வந்தவர். அழுது புலம்புகிற ஆள் இல்லை. வந்த மூன்றாம் நாளே நான் வைத்த குழம்பில் உப்பில்லை என்று சொன்னவர். ஆனால் கோயிலைத் தவிர வேறெங்கும் வரமாட்டார். வந்தாலும் பொழுதுபடமுன் வீடு திரும்பி, கதவு பூட்டியிருக்கிறதா என்று தானே இழுத்துப் பார்த்தால்தான் அவருக்கு இருப்புக் கொள்ளும். இன்னோர் இடத்தில் ஓர் இரவு தங்குவது என்ற பேச்சே எடுக்கமுடியாது.

நாங்களோ ஒவ்வொரு கோடையும் வடக்கே ஏரிக்கரைக்குப் போய், கூடாரம் அடித்து ஒரு கிழமை தங்கிவிட்டு வருகிறவர்கள். மனைவி மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"நான் டென்டிலை கிடந்தது காணும் பிள்ளை, இனி ஏலாது" என்றார் மாமி. "நீங்கள் போயிட்டு வாங்கோ."

"அம்மா வராட்டி நானும் வரேல்லை" என்றாள் மனைவி என்னிடம்.

"சோ, சம்மரே கான்சல்டா?" என்றாள் பத்து வயது மகள்.

மனைவிக்கு ஏரியும் பெரிதில்லை, கோடையும் பெரிதில்லை. அம்மா அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே ஓர் இரவாவது பயமில்லாமல் படுத்து எழும்பவேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்கும் அதுதான், கொஞ்சம் காரின் பெருமையும் சேர்ந்துகொண்டது. சீலைச் சுவர் பிடிக்காவிட்டால் கெட்டிச் சுவர் கொண்டுவருகிறேன் பார் என்று யூனியன்வில்லில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியிடம் காரில் கொழுவி இழுக்கிற பழைய சின்னக் கேரவன் ஒன்றை வாங்கிவிட்டேன். உருளுவதற்கு இரண்டே சில்லு. உள்ளே கட்டில்கள், சின்ன அடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டுப் போட்ட உண்மையான கதவு. என் கார் இழுக்கக்கூடிய பாரம் எவ்வளவு என்று காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. கேரவனும் நாலு போர்வையும் என்றால் சரியாக வரும்.

நம்மவர்கள் புது வண்டி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் ஓட்டுவார்களா? பூசைத் தட்டோடு வந்த ஐயர் கேரவனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார்.

"இது வாகனமோ, வீடோ? வாகனமெண்டால் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாம். வீடெண்டால் பாலெல்லோ காய்ச்சவேணும்."

நான் வாயைத் திறக்கமுன் மாமி பதில் சொன்னார். "சில்லுக்குப் பழத்தை வையுங்கோ ஐயா. வீடோ இல்லையோ எண்டு நான் படுத்து எழும்பிப்போட்டுச் சொல்லுறன்."

மனைவி என் கையைக் கிள்ளிய கிள்ளில் இரண்டு நாள் தழும்பு இருந்தது. மாமி வருகிறார்!

சாமான் ஏற்றுகிற வேலையை மாமியே எடுத்துக்கொண்டார். நானும் நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டேன். அது என் பிழை. புறப்படுகிற காலையில் எல்லாம் ஏற்றியாயிற்று என்றார். கொழுக்கியைக் காரோடு மாட்டி, சங்கிலியைப் பூட்டி, விளக்குகளைச் சரிபார்த்துக் கிளம்பினேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் அரை மணித்தியாலம் ராச ஊர்வலம். பற்றரி நிலவரம் காட்டுகிற சின்னத் திரையை மகள் நேர்முக வர்ணனை செய்துகொண்டு வந்தாள். "அப்பா, பற்றரி இஸ் டையிங்." ஏற்றத்தில் என்ஜின் இரைந்த இரைச்சலில் என் அமைதியான காரின் மானம் போனது. இறக்கத்தில் கேரவன் பின்னால் நின்று தள்ள, பற்றரி மளமளவென்று நிறைந்தது. "அப்பா, கேரவன் இஸ் சார்ஜிங் அஸ்!" கூட்டாளியிடம் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, பெரிய லொறி ஒன்று எங்களைக் கடந்து போயிற்று.

கேரவன் நாய் வாலை ஆட்டுவதுபோல ஆடத் தொடங்கியது. அது ஆட, காரும் ஆடியது. பிறேக்கைத் தொடாமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, அடுத்த எக்சிட்டில் இறங்கி, சோள வயல் ஓரம் நிறுத்தினேன். கதவைத் திறந்து பார்த்தால், பின்பக்கம் கூரை முட்ட சாமான். நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை, தேங்காய், இடியப்பத் தட்டுகள், புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, மா, மிளகாய்த்தூள். அதோடு தண்ணீர். வீட்டில் மூடியுள்ள பாத்திரம் எதையும் மாமி விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் கழுத்துவரை தண்ணீர். அவ்வளவு பாரமும் சில்லுக்குப் பின்னால்.

பயம் விட்டதும் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதுமே அப்படித்தான், பிந்தி வந்து பெரிதாகக் கத்தும். "ஆரைக் கேட்டு உவ்வளவும் ஏத்தினது? எல்லாத்தையும் இஞ்சையே விட்டிட்டுப் போகவேண்டியதுதான்!"

மாமி காரில் இருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கேரவனுக்குள் ஏறி, இடியப்பத் தட்டுகளை எடுத்துவந்து புல்லில் வைத்தார். பிறகு மா வாளியை. பிறகு தேங்காய்ப் பையை. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தெரிந்தவரைப்போல.

"அடுத்தது எதை விடுறது தம்பி? சொல்லுங்கோ. எனக்குப் பழக்கம்தானே."

அந்தக் கடைசி மாதங்களில் ஒவ்வோர் இடமாக நகர நகர, ஒவ்வொன்றாகத் தெருவில் விட்டுவிட்டு வந்தவர் அவர். கடைசியில் கையில் இருந்தது ஒரு பை. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தச் சொல்லைச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"ஒண்டையும் விடேல்லை மாமி" என்றேன். "நான் விசர்க் கதை கதைச்சுப்போட்டன். பாரமெல்லாம் பின்னுக்குக் கிடக்கு, அதுதான் ஆடுது. முன்னுக்குக் கொண்டுவந்தால் சரி. நீங்கள் ஏத்தினதெல்லாம் எங்களோடை வரும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "தண்ணியும்?"

"போற இடத்திலை பைப் இருக்கு அம்மா. முகாமிலை மாதிரி வரிசை இல்லை. திறந்தால் வரும்" என்றாள் மனைவி.

மாமி கேரவனுக்குள் ஏறினார். பிறகு தானே ஒரு பாத்திரத்தைத் தூக்கி, சோளச் செடிகளின் அடியில் ஊற்றினார். "வீணாப் போகக்கூடாது" என்றார். மகளும் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாலு பேருமாகச் சோளத்துக்குத் தண்ணீர் இறைத்தோம்.

தேங்காயும் தட்டுகளும் கேரவனின் முன்பக்கம் போயின. அரிசி மூட்டையைக் காரின் முன் இருக்கையில் ஏற்றினேன். மனைவி பின்னால் தாயோடு ஏறிக்கொண்டாள். நகர்ந்ததுதான் தாமதம், கார் டிங் டிங் என்று கத்தத் தொடங்கியது. மூட்டையை ஆள் என்று நினைத்துவிட்டது. நிறுத்தி, அரிசிக்கு சீட் பெல்ட் போட்டேன். பின்னால் இருந்து ஒரு சிரிப்பு. மகள் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் மாமி! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். வந்த ஏழு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏரிக்கரையில் கறண்ட் கம்பம் இருந்தது. கேரவனின் வயரை அதில் செருகிவிட்டுக் கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். "மச்சான், கடைசியிலை குத்தியாச்சு. காரை இல்லை, வீட்டை."

"வீடெண்டு அம்மா இன்னும் சொல்லேல்லை" என்று மனைவி பக்கத்தில் இருந்து திருத்தினாள். அவளால் சிரிக்க முடியவில்லை. பொழுதுபடப் போகிறது, அம்மா திரும்பிப் போவோம் என்று சொன்னால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. இருட்டியதும் மாமி உள்ளே ஏறினார். கதவைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பெண்கள் மூவரும் உள்ளே. நான் வெளியே என் பழைய கூடாரத்தில்.

விடிந்து நான் தலையை நீட்டியபோது கேரவனின் கதவு ஆவென்று திறந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மனைவியும் மகளும் நல்ல தூக்கம். மாமி குளித்து, திருநீறு பூசி, அந்தச் சின்ன அடுப்பின் முன் நின்றார். பையில் இருந்த பாலைச் சட்டியில் ஊற்றியிருந்தார். அது நுரைத்து மேலே வந்தது. அடுப்பை அணைக்க நான் கையை நீட்டினேன்.

"விடுங்கோ தம்பி. பொங்கட்டும்."

பால் விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. ஒரு குவளையை என்னிடம் நீட்டினார். நான் அழுதேன் என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அவர் அதைக் காணாததுபோல வாசலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த முறை வரேக்கை உந்த அரிசி மூட்டை வேண்டாம்" என்றார். "அதை வீட்டிலையே விட்டிட்டு வருவம். அளந்து ரெண்டு சுண்டு எடுத்தால் காணும்."