சைக்கிள் சில்லில் ஓடிய பிரெஞ்சு

எங்கள் மகளுக்குப் பிரெஞ்சு மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால், "தண்ணீர் கேட்டிருப்பேன்" என்று சொல்லத் தெரியும். அதற்குக் காரணம் கிளாலிக் கடலேரி.

பரிஸ் நகரில் இருந்த ஒரு மாப்பிள்ளையின் சம்பந்தத்தைத் தரகர் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு நாட்டை விட்டு வெளிக்கிட்டவர். அங்கே ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. அவருக்கு முன்பே போய்க் குடும்பமாகிவிட்ட அக்காதான் அந்த வீட்டில் எல்லா முடிவும் எடுப்பவர். சாதகம் பொருந்தியது, படமும் பிடித்துவிட்டது. ஆனால் கொழும்பில் இன்னொரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார்கள். அவள் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவளாம். ஆகவே அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் பிள்ளை கொஞ்சம் பிரெஞ்சு படித்து, அதைக் கசற்றில் பேசி அனுப்ப வேண்டும். நாக்கு வளைகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சம். படிப்பதற்கு மூன்று பாடக் கசற்றுகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு புத்தகத்தையும் அவரே அனுப்பினார்.

எனக்கு இந்தச் சம்பந்தம் சரிவந்தே ஆக வேண்டும். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குண்டு விழுந்த நாளிலிருந்து, பிள்ளை எங்கேயாவது போய்விட வேண்டும் என்ற ஒரே நினைவுதான். பரிஸ் என்றாலும் சரி, அதற்கு அப்பால் இருக்கும் பனிக்காடு என்றாலும் சரி.

கசற்றுகளைக் கொண்டுவந்தவர் எங்கள் பக்கம் வருவதற்காகக் கிளாலியில் வள்ளமேறிக் கடலேரியைக் கடக்கையில் அலை உள்ளே வந்து, முதல் இரண்டும் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டன. மூன்றாவது மட்டும் அவருடைய சட்டைக்குள் இருந்து பிழைத்தது. அந்த மூன்றாவது கசற்றின் முதல் பாடம் என்னவென்றால், நடந்திருக்க வேண்டியது ஆனால் நடக்காமல் போனதைச் சொல்லுவது எப்படி என்பது. வணக்கம், என் பெயர் இன்னது, கடை எங்கே இருக்கிறது என்பவை எல்லாம் கடலேரியின் அடியில். என் மகள் பிரெஞ்சுக்குள் கூரையைப் பிரித்து இறங்கினாள்.

அவளுக்கு மூளை நல்லது. இரண்டு நாளில் அந்த வித்தையைப் பிடித்துவிட்டு, தேங்காய் துருவிக்கொண்டிருந்த தாய்க்கு விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, எங்களுக்கு 'சாப்பிட்டிருப்பன்' எண்டு ஒரு சொல்லிலை முடிஞ்சிடும். அவைக்கு ரெண்டு துண்டு வேணும். முன்னுக்கு ஒரு துணைவினை, பின்னுக்கு முடிஞ்சுபோன வினை. 'ஜொரே மான்ஜே'. 'ஜொரே'யிலைதான் அந்த 'இருப்பன்' இருக்கு. 'மான்ஜே' சாப்பாடு."

"அப்ப எல்லாத்துக்கும் உந்த 'ஜொரே'யைப் போட்டால் சரிதானே?"

"இல்லை. போறது, வாறது, பிறக்கிறது, சாகிறது, உப்பிடிக் கொஞ்ச வினையளுக்கு வேறை துணை. 'ஜ செரே வெனூ'. நான் வந்திருப்பன். அதுக்குள்ளையும் பொம்பிளை எழுதினால் கடைசியிலை ஒரு எழுத்துக் கூடும்."

என் மனைவி திருவலையை நிறுத்தினாள். "போறது, வாறது, பிறக்கிறது, சாகிறது. எங்கடை சனம் வேறை என்ன செய்யுது? அப்ப எங்களுக்கு அந்த ரெண்டாவது துணை மட்டும் போதும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "இதுக்கு ஏன் கசற்று? 'எழுபத்தெட்டிலை லண்டனுக்குப் போயிருந்தால் இப்ப வீடு வாங்கியிருப்பன்' எண்டு உன்ரை கொப்பர் தினமும் சொல்லுறதைப் பிரெஞ்சிலை சொன்னால் சரி."

அது உண்மைதான். கொக்குவில் முழுவதும் அந்தக் காலத்தில் அந்த வினையில்தான் பேசியது. சங்கக்கடை வரிசையில் நின்றால் போயிருப்பேன், விற்றிருப்பேன், கட்டியிருப்பேன் என்பதைத் தவிர வேறு கதை இல்லை. மகள் கேட்டதையெல்லாம் பிரெஞ்சாக்கிக்கொண்டு திரிந்தாள். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பூசணிக் கொடியைத் தின்றபோது, அதைத் துரத்தாமல் நின்று, "தெரிந்திருந்தால் கட்டியிருப்பேன்" என்று ஆட்டுக்கே பிரெஞ்சில் சொன்னாள். ஆட்டுக்கு விளங்கியது மாதிரித்தான் இருந்தது, ஆனால் தின்பதை நிறுத்தவில்லை.

இனிப் பதிவு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று வருடங்களாகிவிட்டன. பற்றறி உள்ளே வரத் தடை. ரேப் ரெக்கோடர் வைத்திருந்த எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரெக்கோடரில் கொடுத்துவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவது. சுற்றினால் பாட்டு, நின்றால் மௌனம். வேகமாகச் சுற்றினால் பாடகருக்கு அவசரம் வரும், மெல்லச் சுற்றினால் நித்திரை வரும். பழகிப்போனதால் எங்கள் காதுக்கு அது குறையாகவே தெரியவில்லை. உலகத்தில் எல்லாப் பாட்டும் அப்படித்தான் நெளியும் என்று நினைத்திருந்தோம்.

வெறும் கசற் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் வீட்டிலிருந்த தேவாரக் கசற்றின் முதுகில், பதிய விடாமல் தடுக்கும் ஓட்டையில் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேலேயே பதிவது என்று முடிவாயிற்று.

"சாமிக்கு மேலையோ?" என்றாள் மனைவி.

"முன்பக்கத்திலை கொஞ்சம்தான். சாமி பொறுப்பார்."

பெடல் சுற்றும் வேலை என்னுடையது. மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். பரிஸுக்கு வந்திருப்பேன், பாலங்களைப் பார்த்திருப்பேன், அக்காவுக்குச் சமையலில் உதவியிருப்பேன், மழை வந்திருந்தால் குடை பிடித்திருப்பேன். அழகாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எங்கேயோ மேலே ஓர் இரைச்சல். குண்டு போடும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டால் என் கை தானாகவே நின்றுவிடும். உடம்பு முழுவதும் காதாகிவிடும். இத்தனை வருடம் கழித்து இன்றைக்கும் அப்படித்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் விருந்துக்குப் போனால் கறிக்கரண்டி அந்தரத்தில் நிற்கும்.

"சுத்துங்கோ! பிள்ளை கதைக்குதெல்லே!" என்று மனைவி சைகையால் துள்ளினாள். நான் பதறி, விட்டதையெல்லாம் பிடிக்கிற வேகத்தில் சுற்றினேன். இரைச்சல் தூரப் போனது, கை தளர்ந்தது. திரும்பி வந்தது; கை நின்றது. மனைவி கிள்ளினாள், கை பறந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் முடித்தாள். போட்டுக் கேட்டோம். அதற்கும் நானே சுற்றினேன். வழக்கம்போல நெளிந்தது. எங்களுக்குத் திருப்தி.

கசற் கொழும்புக்குப் போகிறவர் ஒருவரோடு போனது. மாதங்கள் கழித்து, ஒரு மத்தியானம், தரகர் வந்தார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்றார். தரகர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அது மரண அறிவித்தல்.

"மாஸ்ரர், கோவிக்கக் கூடாது. தங்கச்சிக்கு ஏதும்... குணம் கினம் இருக்கோ எண்டு அங்கை கேக்கினம்."

"என்ன குணம்?"

"கசற்றிலை ஒருக்காச் சின்னப் பிள்ளை மாதிரிக் கீச்சிடுதாம். ஒருக்கா ஆம்பிளையின்ரை குரல் வருதாம். ஒருக்காக் கிழவன் மாதிரி இழுக்குதாம். முதல் தங்கடை மிசின்தான் பழுது எண்டு நினைச்சவையாம். பிரெஞ்சு முடிய, ஒரு ஓதுவார் கணீரெண்டு தேவாரம் பாடியிருக்கிறார். அதிலை ஒரு பிசகும் இல்லை. அப்ப மிசினிலை பிழையில்லை, பிள்ளையிலைதான் பிழை எண்டு அக்கா சொல்லிப்போட்டா. பேயோட்டத்தான் தேவாரம் பாடினதெண்டும் ஒரு கதை."

அங்கே மின்சாரம் ஒரே சீராக ஓடுகிறது என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறியிருக்கவில்லை. மெல்லச் சுற்றிப் பதிந்தது சீரான மின்சாரத்தில் அவசரப்படும், வேகமாகச் சுற்றிப் பதிந்தது இழுபடும். பள்ளிக்கூடத்தில் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற எனக்கு, நான் கைவிட்ட இடமெல்லாம் பரிஸில் கீச்சுக்குரலாகவும், நான் பறந்த இடமெல்லாம் கிழவனாகவும் வந்து நிற்கும் என்பது அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. மகள் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு பங்கர் குழிக்குள் குந்தியிருந்தபோது, கொழும்புப் பெண் கைப்பையோடு பரிஸ் விமானத்தில் ஏறுவதை என் கண் கண்டுகொண்டே இருந்தது. தரகரிடம் டைனமோவை விளக்கியிருந்தேன்தான். ஆனால் அவர், "அக்காவுக்கு இதைச் சொன்னால் வேறை நோய் வருத்தமெண்டு நினைப்பா" என்று தலையைச் சொறிந்துகொண்டே போயிருந்தார்.

அடுத்து வந்தது ஒரு கசற். மாப்பிள்ளை, அக்காவிடம் கேட்காமல், தானே பேசி அனுப்பியிருந்தார். நான் பெடலைப் பிடித்தேன். பதற்றத்தில் சில்லு விசிலடித்தது. மாப்பிள்ளையின் குரல், அணில் ஒன்று எங்களை ஏசுவது போல இருந்தது.

"மாப்பிள்ளையைக் கொல்லாதேங்கோ. மெல்லச் சுத்துங்கோ," என்றாள் மனைவி.

மெல்லச் சுற்றினேன். எருமை ஒன்று வந்தது. பிறகு, நடுவில் ஓரிடத்தில், ஒரு மனிதர் வந்தார்.

"...அக்கா பயந்திட்டா. என்னோடை இருக்கிற பொடியன் ஒருத்தன் போன வருஷம்தான் ஊரிலையிருந்து வந்தவன். கேட்டவுடனை நிலத்திலை உருண்டு சிரிச்சான். 'அண்ணை, இது பேயில்லை, டைனமோ' எண்டான். நாங்கள் ரெண்டு பேருமா விரலாலை கசற்றின்ரை சில்லை அமத்தி அமத்திக் கேட்டம். கன நேரம் அமத்தினாப் பிறகு ஒரு இடத்திலை உம்மடை குரல் வந்தது. நல்ல குரல். உம்மடை பிரெஞ்சு எனக்கு அரைவாசி விளங்கேல்லை. நான் வேலை செய்யிற குசினியிலை 'கொண்டா', 'கழுவு' ரெண்டும்தான் கதை. வந்திருப்பன் போயிருப்பன் எண்டு ஒருத்தரும் நிண்டு சொல்லுறேல்லை. பத்து வருஷமா இருக்கிற எனக்கே உது வாயிலை வராது. அக்காவுக்கும் வராது, அதுதான் அவவுக்குக் கோவம். அது கிடக்கட்டும். உமக்கு என்னிலை விருப்பமோ எண்டு இன்னும் ஒருத்தரும் உம்மைக் கேட்டிருக்க மாட்டினம். நான் கேக்கிறன். தமிழிலை சொல்லும்."

நான் சுற்றுவதை நிறுத்தினேன். உண்மையில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள், நான் மனைவியைப் பார்த்தேன், இருவரும் மகளைப் பார்த்தோம். ஓம் என்றால் பிள்ளை குண்டுக்குத் தப்பும். இல்லை என்றால் என்ன செய்வது என்று என் மண்டைக்குள் ஒரு பாடமும் இல்லை.

"என்ன பிள்ளை, பதில் பதிவமே?" என்றேன்.

"பதிவம். ஆனால் நீங்கள் வெளியிலை போங்கோ அப்பா."

"நான் போனால் ஆர் சுத்துறது?"

அவள் எழும்பிப் போய், பழைய ரேடியோவின் ஏரியல் கம்பியையும், பழுதாய்ப்போன மின்விசிறியின் வயரையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, டைனமோ வயரோடு முறுக்கி இணைத்தாள். வயர் யன்னலால் முற்றத்துக்கு வந்தது. அதன் பின்னால் சைக்கிளும், சைக்கிளின் பின்னால் நானும் வந்தோம். தாயையும் வெளியே அனுப்பிவிட்டு யன்னலைச் சாத்தினாள். வயர் போகுமளவு இடைவெளி மட்டும்.

வேலியோரத்து முருங்கைக்குக் கீழே குந்தியிருந்து சுற்றினேன். மனைவி பக்கத்தில் நின்று, "ஒரே மாதிரிச் சுத்துங்கோ, ஒரே மாதிரிச் சுத்துங்கோ," என்று தாளம் போட்டாள். உள்ளே மகள் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது, சொல் ஒன்றும் விளங்கவில்லை. மேற்கே எங்கேயோ இரைச்சல் ஒன்று தொடங்கியது. மனைவி வானத்தைப் பார்த்தாள். நான் சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒரே மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் சிரித்தாள்.